கோலில் ஒளித்து வைத்த பெண்

ஜூன் 3

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து நான் வீடு தங்கவில்லை. ஃபுட்பால் ஆடுகிற பெண்பிள்ளைகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அந்தந்த ஊருக்குப் போய், அப்பா அம்மாவிடம் பேசி, எங்கள் கல்லூரிக்கு இழுத்து வர வேண்டும். என் அறைக் கதவில் உடற்கல்வி இயக்குநர் என்று பலகை மாட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் சென்னியப்பன் எனக்கு வைத்திருக்கிற பெயர் வேறு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “ஊட்டுக்காரி புள்ள புடிக்கப் போயிருக்கா” என்கிறாராம். சொல்லிக்கொள்ளட்டும். நான் பிடிக்காவிட்டால் கோயம்புத்தூர் ரெஜினா பிடித்துவிடுவாள்.

ரெஜினாவும் நானும் பி.பி.எட். ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். இப்போது அவள் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பெரிய மகளிர் கல்லூரியில் ஃபுட்பால் கோச். போன வருடம் என்னுடைய இரண்டு நல்ல ஆட்டக்காரிகளை, அட்மிஷன் போட்டு இரண்டு மாதம் கழித்து, டி.சி. வாங்க வைத்துக் கொத்திக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்கே போன் போட்டு சௌக்கியம் விசாரித்தாள். அந்தத் தைரியம் எனக்கு வராது.

பிரின்சிபால் மேடம் இன்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இந்த வருடமும் கோப்பை இல்லையென்றால், ஃபுட்பாலுக்குத் தருகிற விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களை ஹேண்ட்பாலுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஜூன் 5

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் கோகிலவாணி. மாவட்டப் பள்ளிப் போட்டியில் பார்த்து வைத்த பெண். இடது காலால் அவள் அடித்த ஒரு பந்து கோல்கீப்பர் கையில் பட்டு, வலையில் பட்டு, அதற்கும் அப்பால் வாத்தியாரின் ஸ்கூட்டியைச் சாய்த்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பிள்ளை பிடிக்கப் போகிற வீட்டில் சில முறைகள் உண்டு. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போகக் கூடாது, எல்லாரும் அதைத்தான் கொண்டுவருவார்கள். பெண்ணிடம் பேசக் கூடாது, அம்மாவிடம் பேச வேண்டும். ஃபுட்பாலைப் பற்றி முதலில் வாயே திறக்கக் கூடாது. ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்பதில் ஆரம்பிக்க வேண்டும். கொடுக்கிற மோரைக் கீழே வைக்காமல் குடிக்க வேண்டும்.

அவள் அப்பா மாரப்பன் தறி ஓட்டுகிறார். வீட்டுக்குள்ளேயே நான்கு தறி. நான் பேசிய முதல் அரை மணி நேரமும் அவர் தறியை நிறுத்தவில்லை. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ரெஜினாவின் விசிட்டிங் கார்டு யார் மூலமோ வந்து காலண்டரில் செருகியிருந்ததைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் கத்தினேன். கடைசியில் அவரே சுவிட்சை அணைத்தார். நிசப்தம். வீட்டில் தறி நின்றால்தான் காரியப் பேச்சு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் சொன்னது இது. பிள்ளையும் ஒரு தறி பார்க்கிறாள், அவள் போனால் ஆள் போட வேண்டும். அவளுக்கோ போலீசில் சேர வேண்டும் என்று ஆசை. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வழி இருக்கிறதாமே. “ஒரு வருசம் பாக்கறனுங்க. யுனிவர்சிட்டி டீம்ல எடுத்தாங்கன்னா மேல படிக்கட்டும். இல்லீன்னா தறிக்கு வந்துரட்டும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

“இந்த வருசமே ஆடுவாளுங்க. நான் பொறுப்பு” என்றேன்.

கோகிலா தறிக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு பார்வை.

ஜூன் 12

அட்மிஷன் முடிந்தது. மதிப்பெண் சான்றிதழ், டி.சி. எல்லாம் ஒரிஜினல், என் அறை பீரோவில். ஒரிஜினல் யாரிடமோ பிள்ளை அவரிடம். இது எங்கள் தொழிலின் திருக்குறள்.

ஜூன் 13

மாவு புளித்துவிட்டது. நாளைக்கும் தோசைதான்.

ஜூலை 4

ரெஜினா போன் செய்தாள். முதலில் மழையைப் பற்றிப் பேசினாள், அப்புறம் முழங்கால் வலி, அப்புறம் தக்காளி. கடைசியில், சென்னிமலைப் பக்கம் ஒரு லெஃப்ட் ஃபுட் இருந்தாளே, அவள் எங்கே சேர்ந்தாள் தெரியுமா என்று கேட்டாள். அவள் நேரில் ஆட்டத்தைப் பார்த்ததில்லை, காதில் விழுந்த செய்திதான். தெரியாது என்றேன். பாவம் ஒன்றுமில்லை, போன வருடம் அவளும் என்னிடம் தெரியாது என்றுதான் சொன்னாள்.

ஜூலை 9

முதலாண்டு சேர்க்கை ஆகஸ்ட் முப்பத்தொன்றுவரை திறந்திருக்கும். அதற்குள் ஒரு பெண் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போனால் இந்த வருடமே அங்கே ஆடலாம். முப்பத்தொன்று தாண்டிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் நடுவில் ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டி சுதந்திர தினக் கோப்பை வருகிறது. மண்டலத்தில் இருக்கிற அத்தனை கோச்சும் வருவார்கள். ஆட்டம் பார்க்க இல்லை, ஆள் பார்க்க. கல்யாண வீட்டில் பெண் பார்க்கிற மாதிரி ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

கோகிலாவை ஆடவிடாமல் உட்கார வைத்தால் சந்தேகம் வரும். கோல் போடுகிற ஃபார்வர்டாக விட்டால் ரெஜினா அன்று சாயங்காலமே சென்னிமலையில் மோர் குடிப்பாள். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கோலில் நிறுத்திவிடுவது. பிள்ளை பிடிக்க வருகிறவன் கோல்கீப்பரைப் பார்ப்பதே இல்லை. பெரிய சைஸ் முழுக்கைச் சட்டை, கையுறை, தலையில் ஒரு தொப்பி. முகமே தெரியாது.

சென்னியப்பனிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்தபடி, அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார். அவளிடம் என்ன கேட்பது? கோச் நானா அவளா?

ஜூலை 10

கோகிலாவிடம் கையுறையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம் கீப்பருக்கு மணிக்கட்டில் அடி, கொஞ்ச நாளைக்கு நீ நில்லு என்றேன். கீப்பர் சுமதிக்கு மணிக்கட்டில் அடி என்பதை சுமதியிடம் பிற்பாடு சொல்லிக்கொண்டேன்.

“சரிங்க மேடம்” என்றாள். அவ்வளவுதான். இந்தப் பிள்ளையிடம் இதுதான் சௌகரியம்.

ஜூலை 11

பந்து வந்தால் கையால் பிடிக்க அவளுக்கு ஞாபகமே வருவதில்லை. காலால் நிறுத்தி, இரண்டு பேரை ஏமாற்றி, நடு மைதானம்வரை போய்விட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு கோலுக்கு ஓடி வருகிறாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

ஜூலை 26

ஹாஸ்டல் வார்டனோடு சண்டை. ஆட்டக்காரிகளுக்கு தினம் ஒரு முட்டை என்று கமிட்டி ஒப்புக்கொண்டதை, வாரம் ஒரு முட்டை என்று அந்த அம்மாள் புரிந்துகொண்டிருக்கிறார். முட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். ரெஜினாவின் ஹாஸ்டலில் சனிக்கிழமை பிரியாணியாம். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோகிலா கோலில் தேறிவிட்டாள். இன்று பக்கவாட்டில் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டாள் பாருங்கள், எனக்கே புல்லரித்தது. முழங்கை சிராய்த்து ரத்தம். மருந்து போடும்போது, சுமதி அக்கா கை நன்றாகத்தானே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், உள்ளேதான் அடி என்றேன்.

ஆகஸ்ட் 8

பல்கலைக்கழகத் தேர்வாளர் தங்கராசு சார் போன் செய்தார். இந்த வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி முன்கூட்டியே வந்துவிட்டதால் தனியாக செலக்ஷன் வைக்க நேரமில்லையாம். சுதந்திர தினக் கோப்பையைப் பார்த்தே அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம். நல்ல பிள்ளைகள் இருந்தால் முன்னால் விடும்மா என்றார்.

வரட்டும். கோகிலாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். மாரப்பன் ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான், பெற்ற பிள்ளையைப் படிப்பை நிறுத்தித் தறிக்கு இழுத்துவிடுவாரா என்ன. தேவைப்பட்டால் நானே இன்னொரு தடவை போய் மோர் குடித்துவிட்டு வருகிறேன்.

கோகிலாவிடம் இதைச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, எதற்கு வீணாகப் பதற்றம்.

ஆகஸ்ட் 14

துணிமணி, பந்து, சுண்ணாம்பு, ஐஸ் பெட்டி. தலைவலி.

ஆகஸ்ட் 15

முதல் ஆட்டம் ஜெயித்தோம். எங்கள் கோலுக்குள் ஒன்றுகூடப் போகவில்லை. ரெஜினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முறுக்கு கொடுத்தாள். என் ஃபார்வர்டுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஆகஸ்ட் 16

அரையிறுதியும் ஜெயித்தோம். அதிலும் ஒன்றும் போகவில்லை. ரெஜினா இன்று முறுக்கு கொடுக்கவில்லை. உன் கீப்பர் எந்த ஊர் என்று கேட்டாள். சும்மா, நம்ம பக்கம்தான் என்றேன்.

ஆகஸ்ட் 17

ராத்திரி மணி பதினொன்று. இருந்தாலும் எழுதுகிறேன்.

இறுதி ஆட்டம் ரெஜினாவின் அணியோடு. தங்கராசு சார் பந்தலில் உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் முகத்தில் அடித்தது, ஆகையால் அவர் நாற்காலியை எதிர்க் கோல் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். பாதி ஆட்டத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு, உங்களிடம் ஃபார்வர்டு யாரும் சரியில்லையே என்றார். இந்த வருசம் அப்படித்தானுங்க சார் என்றேன். அதைச் சொல்லும்போது கோகிலா தண்ணீர் டிரம்மிடம் நின்றிருந்தாள். தூரம்தான், காதில் விழுந்திருக்காது.

ஆளுக்கு ஒரு கோல், சமம். கூடுதல் நேரத்திலும் சமம். பெனால்டிக்கு வந்தது.

பெனால்டி அடிக்க ஐந்து பேரை நான் எழுதிக் கொடுத்தேன். கோகிலா பெயர் இல்லை, எதற்கு அவளுக்கு வீண் சிரமம். ஐந்து ஐந்து அடித்தும் சமம். இனி ஒவ்வொருத்தியாக. ஆறாவதை அவர்கள் அடித்தார்கள், எங்கள் பெண்ணும் அடித்தாள். ஏழாவதை அவர்கள் விட்டார்கள், எங்கள் பெண்ணும் விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைதானத்தில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவை அடித்து முடிக்காமல் யாரும் இரண்டாவது தடவை அடிக்க முடியாது. எல்லாரும் என்றால் கோல்கீப்பரும்தான். இந்த விதியை வருடா வருடம் நானே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

எட்டு. ஒன்பது. அவர்களின் பத்தாவது பந்து உள்ளே போயிற்று. எங்கள் பத்தாவது பெண் ஓடிவந்தபோது, இவள் விட்டு, நாங்கள் தோற்று, எல்லாம் இத்தோடு முடிந்தால் தேவலை என்று நான் நினைத்ததாகச் சொல்ல முடியாது. அப்படி எந்தக் கோச்சும் நினைக்க மாட்டாள். பத்தாவதும் சமம்.

பாக்கி இரண்டு கீப்பர்கள். ரெஜினாவின் கீப்பர் முதலில் அடித்தாள். கோகிலா இடதுபக்கம் பாய்ந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பந்தல் எழுந்து நின்றது. இப்போது அவள் அடிக்க வேண்டும். போட்டால் கோப்பை எங்களுக்கு.

கோட்டோரமாக ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

“வலது காலால அடி, கண்ணு” என்றேன்.

“ஏனுங்க மேடம்?”

“சொன்னா கேளு.”

என்னைப் பார்த்தாள். அப்புறம் பந்தலைப் பார்த்தாள். சரிங்க மேடம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. போய்ப் பந்தை வைத்தாள், தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டாள், மூன்றடி பின்னால் போனாள், இடது காலால் அடித்தாள். மேல் மூலை. ரெஜினாவின் கீப்பர் அசையக்கூட இல்லை.

கோப்பை எங்களுக்கு. பிள்ளைகள் என்னைத் தூக்கினார்கள். தூக்கின உயரத்திலிருந்து பார்த்தேன், தங்கராசு சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். ரெஜினா என்னையே பார்த்துச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 20

பல்கலைக்கழக அணிப் பட்டியல் வந்தது. கோகிலவாணி, ஃபார்வர்டு. தங்கராசு சார் இரண்டு நாள் அவளைத் தனியே வரவழைத்து ஆடச் சொல்லிப் பார்த்தாராம். இந்த வருடமே ஆடுவாள் என்று நான் மாரப்பனிடம் சொன்னேனா இல்லையா? நான் சொன்ன வாக்கு பலித்தது. வீட்டில் கேசரி செய்தேன். சென்னியப்பன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 22

பிரின்சிபால் மேடம் சால்வை போர்த்தினார். ஃபுட்பால் இடங்கள் அப்படியே இருக்கும்.

கோகிலா பயிற்சிக்கு வருகிறாள், போகிறாள். ஃபார்வர்டாகத்தான் ஆடவிடுகிறேன். நான் சிரித்தால் அவளும் சிரிக்கிறாள். கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 26

ரெஜினா போன். மழை, முழங்கால், தக்காளி எதுவும் இல்லை. நேராகச் சொன்னாள்: “சிவகாமி, நான் சென்னிமலை போயிருந்தேன். உங்கிட்ட சொல்லாம செய்ய வேண்டாம்னுதான் கூப்பிட்டேன்.”

போன வருடம் இவள் இப்படிச் சொல்லவில்லை. நன்றாகத் திட்டினேன். ஒரே தட்டில் சாப்பிட்டதையெல்லாம் சொல்லிக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோகிலாவாகத்தான் எனக்கு போன் பண்ணினாள் சிவகாமி, நான் கூப்பிடவில்லை என்றாள்.

பொய். ரெஜினா வாயைத் திறந்தால் பொய்.

ஆகஸ்ட் 29

மாரப்பனும் கோகிலாவும் வந்தார்கள். மாரப்பன் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிள்ளை மேலே படிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டதாகவும், அதற்கு நான்தான் காரணம் என்றும், அந்த நன்றியை மறக்க மாட்டோம் என்றும் சொன்னார். அப்புறம் டி.சி. வேண்டும் என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே போனார். அந்த மனுசனுக்குத் தாகமில்லை, எங்களைப் பேசவிட்டுப் போனார்.

எனக்குக் கோபமாக வந்தது. என்ன குறை வைத்தேன், முட்டைக்குக்கூட வார்டனோடு சண்டை போட்டேனே என்றேன். பிரியாணிக்கா போகிறாய் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனியவில்லை.

“கோல்ல நின்னா கிரவுண்டு முச்சூடும் தெரியுமுங்க மேடம். பந்து அந்தப் பக்கம் இருக்கறப்ப நான் உங்களைத்தான் பாத்துட்டு இருப்பேன். நீங்க அந்த சாரு நாற்காலியத் திருப்பிப் போட்டீங்க. அவரு யாருன்னு அப்பத் தெரியாதுங்க. அப்பறந்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு பண்ணினேன்.”

“எனக்கு நல்லதுன்னா எங்கிட்ட சொல்லீருப்பீங்கல்லங்க மேடம்.”

குரலை உயர்த்தவே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். இருபது வருடமாக ஊர் ஊராகப் போய் அப்பா அம்மாக்களைப் பேசியே மடக்கியவள் நான். அந்தப் பிள்ளை முன்னால் பீரோச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் இழுத்தடித்தால் போதும், முப்பத்தொன்று தாண்டிவிடும். பிரின்சிபால் ஊரில் இல்லை, கிளார்க் லீவு என்று சொல்ல எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவள் முழங்கையில் அந்தச் சிராய்ப்புத் தழும்பு இன்னும் இருந்தது. பீரோவைத் திறந்து ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆபீசுக்கு நானே கூட நடந்து போய் டி.சி. போட வைத்தேன். கிளார்க் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. கேட்டில் அவர்களை வழியனுப்பும்போது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன், முழுக்க முடியவில்லை.

“நல்லா ஆடு” என்றேன்.

“ஆடறனுங்க மேடம்” என்றாள்.

ஆகஸ்ட் 30

வாழைப்பழத்தை யாரும் தொடவில்லை. சென்னியப்பனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, நீ மறைத்தது ரெஜினாவிடமிருந்தா அந்தப் பிள்ளையிடமிருந்தா என்று கேட்டார். தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31

சேர்க்கை முடிந்தது.

செப்டம்பர் 2

காலை ஆறு மணிக்கு மைதானம். இரவு பெய்த மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். சுமதி வரவில்லை, காய்ச்சல், மணிக்கட்டு அடி மாதிரி இல்லை, நிஜக் காய்ச்சல்.

விசிலை ஊதி வரிசையாக நிற்க வைத்தேன். வழக்கமாக நான் ஒவ்வொருத்தியாகக் கையைக் காட்டி, நீ பேக், நீ சென்டர், நீ விங் என்று சொல்லிக்கொண்டே போவேன். இன்றைக்குக் கை எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கு எங்கே ஆட ஆசை, சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மேடத்துக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பது மாதிரிப் பார்த்தார்கள். இது என்ன பரீட்சை என்று யோசித்தவர்களும் உண்டு. சும்மா சொல்லுங்கடி, திட்ட மாட்டேன் என்றேன். முதல் பெண் தயங்கித் தயங்கி, ஃபார்வர்டுங்க மேடம் என்றாள். இரண்டாவது பெண்ணும் ஃபார்வர்டு. மூன்றாவது, நான்காவது. கடைசிப் பெண்வரை, அத்தனை பேரும் ஃபார்வர்டு. போன மாதம்வரை பேக்கில் நின்று ஒரு வார்த்தை முணுமுணுக்காதவளும் ஃபார்வர்டு.

சரி என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோலில் போய் நின்றேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பந்தைத் தள்ளிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார்கள். முதல் பந்தே கால் இடுக்கில் போய்விட்டது.